ஏன் என்று கேட்காத கார் ஆன்டி

“ஏன்னு கேக்கல தம்பி. எப்பன்னு கேட்டேன்.”

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் இந்த வாக்கியத்தை வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் யாரும் கிடையாது. மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுபவர் வாங்கியிருக்கிறார். புல் வெட்டுபவர், கேஸ் கொண்டு வருபவர், குழாய் சரிசெய்ய வருவதாகச் சொல்லிவிட்டுக் காணாமல் போனவர், எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். “கூட்டம் லா ஆன்டி”, “மழை ஆன்டி”, “மெஷின் கெட்டுப்போச்சு ஆன்டி” என்று யார் எதை ஆரம்பித்தாலும் ஆன்டி கையைச் சின்னதாக உயர்த்துவார். குரல் ஏறாது, முகமும் மாறாது. எப்போது என்பதற்குப் பதில் வரும்வரை அங்கேயே நிற்பார். பதில் வந்ததும் “சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து நிற்பார் பாருங்கள், அதுதான் பயங்கரம்.

எல்லோரும் அவரைக் கார் ஆன்டி என்றுதான் கூப்பிட்டார்கள். குள்ளமான உருவம். வீட்டில் பூப்போட்ட பாத்தேக் கைலியும் எப்போதோ துப்புரவுப் பணிக்குக் கொடுத்த டீ-சட்டையும். கல்யாண நாட்களில் மட்டும் பட்டுப் புடவை, காலில் வெள்ளை விளையாட்டுச் சப்பாத்து. இருக்கையில் ஒரு மெத்தையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால்தான் ஸ்டீயரிங்குக்கு மேலே தலை தெரியும்.

அந்தக் கார்தான் அவருடைய தொழில். முத்து நிறத்தில் ஒரு பழைய ஜெர்மன் சொகுசுக் கார். மணப்பெண்ணை வீட்டிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அழைத்துப் போக அதை வாடகைக்கு விடுவார். சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டார். அவரேதான் ஓட்டுவார்.

அதற்கு முன்னால், வேலைக்காலம் முழுவதும் ரயில் டிக்கெட் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். ஒருநாள் நானாகவே கேட்டேன், ஏன் ஆன்டி யார் காரணம் சொன்னாலும் காதில் வாங்க மாட்டேன் என்கிறீர்கள் என்று. அன்றைக்கு மனநிலை நன்றாக இருந்தது போலிருக்கிறது. பதில் சொன்னார்.

“ரயில் ஏன் லேட்டுன்னு ஆயுசு பூரா ஜனங்களுக்குச் சொல்லிட்டேன்மா. சிக்னல் கோளாறு, மரம் விழுந்துச்சு, தண்டவாளத்துல தண்ணி. ஒருத்தர்கூட அதைக் கேட்டதால சீக்கிரமா வீட்டுக்குப் போகல.”

நான் அப்போது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இன்ஜினைப் படத்தில்தான் காட்டினார்கள். நானோ தூங்கப் போகும் முன் கார் கழற்றும் காணொளிகளைப் பார்த்து, மறுநாள் அப்பாவின் காரில் எதையாவது திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிற ஜாதி. அப்பா மெக்கானிக் இல்லை. அவருக்கு அது பெரிய தலைவலி. கார் ஆன்டி வீட்டுக் காரைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அவரோடு பழக்கம். வாரத்தில் இரண்டு நாள் பிரிக்பீல்ட்ஸ் வரை அவரோடு காரில் போவேன். அவருக்கு அங்கே பூக்கடையில் வேலை இருக்கும், எனக்கு அங்கிருந்து கல்லூரிக்கு ரயில்.

ஏழு மணி என்றால் ஏழு மணி. ஒருநாள் ஒரு காலில் சப்பாத்தோடு, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தேன். கார் என் கண் முன்னால் முனை திரும்பியது. என்னைக் கண்ணாடியில் பார்த்திருப்பார், நிச்சயம் பார்த்திருப்பார். சாயங்காலம் வழக்கம்போல, “சாப்டியாமா?” என்றார். காலையில் நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் அலாரம் அடிக்காத கதையைச் சொல்லவில்லை. சொன்னால் கையை உயர்த்துவார் என்று தெரியும்.

இதெல்லாம் மற்றவர்களுக்கு மட்டும் என்றால் அவரை முசுடு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அம்பாங்கில் ஒரு கல்யாணம். நான் சும்மா கூடப் போயிருந்தேன். ஹைவேயில் ஒரு லோரி கவிழ்ந்து, மூன்று தடமும் அடைத்துக்கொண்டது. வானொலியில் திரும்பத் திரும்ப அதைத்தான் சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணப்பெண்ணின் மாமா வாசலிலேயே நின்று கத்தினார். பாதி விருந்தினர்கள் அதே நெரிசலில் மாட்டி அப்போதுதான் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆன்டி கைகூப்பி, “லேட்டாயிடுச்சுங்க. மன்னிச்சுக்குங்க” என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் விடவில்லை, இன்னும் இரண்டு வார்த்தை பேசினார். ஆன்டி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

திரும்பி வரும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. “லோரி கவுந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல ஆன்டி? ரேடியோவுலயே சொன்னானே!”

“லோரி கவுந்ததுக்கு அந்தப் பொண்ணு என்னம்மா பண்ணும்?”

எனக்கு இந்தக் குணம் முழுக்கப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் கணவர் இறந்தபோது ஈப்போவிலிருந்து வர வேண்டிய தங்கை, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். வாசலிலேயே அழுதுகொண்டு ஏதேதோ சொன்னாராம், பஸ், காய்ச்சல், பிள்ளை என்று. ஆன்டி கையை உயர்த்தினாராம். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம், “அது ரொம்ப அநியாயம்டி” என்பார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தக் கை சில சமயம் கதவு மாதிரி இருந்தது.

காரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணக் காரில் சக்கரத்துக்கு மேலே இரும்பு ஸ்பிரிங் இருக்கும். இதில் அதற்குப் பதிலாக ரப்பர் பை. பின்னால் இருக்கும் கம்பிரஸர் அதில் காற்றை அடைக்கும், கார் அந்தக் காற்றின்மேல் மிதக்கும். ரப்பர் பையும் அதிர்வைத் தாங்கும் தண்டும் சேர்ந்த அந்தத் தூணைத்தான் ஸ்ட்ரட் என்கிறோம். ஓட்டும்போது சொர்க்கம். ரப்பர் கிழிந்தால் தலையில் துண்டு. அதனால் இந்த ஊரில் இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பாதிப் பேர் காற்றைத் தூக்கிப்போட்டுவிட்டு ஸ்பிரிங்குக்கு மாறிவிடுவார்கள். ஆன்டிக்கு அந்த ஆலோசனையைச் சொல்லாத ஆளே இல்லை. வொர்க்‌ஷாப் முதலாளியான சீனத் தவுக்கே, பெட்ரோல் நிலையத்துப் பையன், என் அப்பா, கோயில் குருக்கள்கூட.

“குலுங்குமா, குலுங்காதா?” என்பார் ஆன்டி.

“கொஞ்சம் குலுங்கும்தான்.”

“அப்ப வேணாம்.”

எங்கள் தாமானைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பிடிவாதம் புரியும். மோட்டார் சைக்கிள்காரர்கள் பறக்கிறார்கள் என்று ஒவ்வொரு வரிசை வீட்டுக்காரரும் தங்கள் வாசலில் தாங்களே சிமெண்டு குழைத்து வேகத்தடை கட்டியிருந்தார்கள். ஒன்று பாறாங்கல் மாதிரி, ஒன்று படுத்த பன்றி மாதிரி. அளவும் கிடையாது, கணக்கும் கிடையாது.

அந்த வேகத்தடைகளால் ஒருவர் வீட்டைவிட்டே வெளியே வராமல் இருந்தார். எங்கள் வரிசையின் கடைசி வீட்டு அங்கிள். லோரி ஓட்டியவர். செலாயாங் மொத்தச் சந்தையில் சாமான் இறக்கும்போது லோரியின் மேலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரை மறுபடி மருத்துவமனைக்கு வேனில் அழைத்துப் போனபோது, ஒவ்வொரு தடைக்கும் அவர் போட்ட சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அவருடைய ஒரே மகளுக்குத்தான் தை மாதம் கல்யாணம். டயாலிசிஸ் நிலையத்தில் நர்ஸ். சின்ன வயதில் ஆன்டி வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, மணப்பெண் கார் கிளம்புவதை வேடிக்கை பார்த்து வளர்ந்தவள்.

அங்கிள் கோயிலுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “தாலி கட்டுற நேரத்துல நான் வலியில கத்திக்கிட்டு இருக்கணுமா? போய்ட்டு வாங்க. நான் போன்ல பாத்துக்கிறேன்.”

மகள் அழுதாள். தாய் அழுதார். ஆன்டி மட்டும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, என் காரு குலுங்காது. நீங்க வரீங்க.”

“இல்ல தங்கச்சி, அந்த மேடு பள்ளத்துல...”

கை உயர்ந்தது. “எத்தன மணிக்கு வரணும்னு மட்டும் சொல்லுங்கண்ணே.”

அங்கிள் கூரையைப் பார்த்தபடியே, “ஏழரை” என்றார்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை நான் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தபோது, எதிரே ஆன்டி வீட்டுப் போர்ச்சில் கார் இடது முன்னங்காலை மடக்கிய மாடு மாதிரி படுத்திருந்தது. சக்கரம் இடுக்குக்குள் புதைந்து போயிருந்தது. ஆன்டி இன்ஜினைப் போட்டார். கம்பிரஸர் முனகியது, முனகிக்கொண்டே இருந்தது, நின்றுவிட்டது. கார் எழுந்திருக்கவில்லை.

பழுது புதிதில்லை. ஒரு மாதமாகவே அந்தப் பக்கம் காலையில் கொஞ்சம் இறங்கி நிற்கும். அதற்காகத்தான் முன்பக்கத்துக்கு இரண்டு புது ஸ்ட்ரட்டும் வாங்கி, பெட்டி பிரிக்காமல் சாமி அறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சீனப் பெருநாள் முடிந்து கடை திறந்ததும் முதல் வேலையாக மாற்றித் தருவதாகத் தவுக்கே சொல்லியிருந்தார். இப்போதோ பெருநாள் வாரம். கிள்ளானிலிருந்து பூச்சோங் வரைக்கும் ஆன்டி போன் போட்ட எந்த வொர்க்‌ஷாப்பும் திறந்திருக்கவில்லை. தவுக்கே சொந்த ஊரில் இருந்தார். போனில் பட்டாசுச் சத்தம்தான் கேட்டது.

“ஆன்டி, கடைக்கு ஆள் இல்ல லா, எல்லாம் பாலேக் கம்போங், ஊருக்குப் போய்ட்டாங்க...”

“எப்ப தவுக்கே?”

“அடுத்த வெள்ளி லா ஆன்டி.”

“சரி. ஹேப்பி நியூ இயர்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளே ஏற்கெனவே மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காரின் முன் ஸ்ட்ரட் மாற்றும் காணொளியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒருநாளாவது தொட விடுவாரா என்ற ஆசையில்.

“இதை நீ மாத்துவியா?”

“மாத்தலாம் ஆன்டி. ஆனா...”

“ஆனாவை அப்புறம் வெச்சுக்க. எப்ப முடியும்?”

“நாளைக்கு மத்தியானம்.” வாய்தான் சொன்னது, மூளை இன்னும் வந்து சேரவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தோம். டயர் கடை வைத்திருந்த அப்பாவின் நண்பரிடம் ஜேக்கும் நான்கு இரும்புத் தாங்கிகளும் வாங்கி வந்திருந்தேன். கார் மேலே ஏறியது, முன்சக்கரங்கள் கழன்றன. பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் உச்சியில் வந்து சேரும் காற்றுக் குழாயை மெல்ல மெல்லத் தளர்த்தினேன். மிச்சமிருந்த காற்று பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வெளியேறியது. அதுவரை எல்லாம் காணொளியில் பார்த்தபடியே நடந்தது. கீழே ஸ்ட்ரட்டைப் பிடித்திருந்த போல்ட் மட்டும் காணொளி பார்க்கவில்லை. துரு ஏறி, அசைய மாட்டேன் என்றது.

எண்ணெய் அடித்தேன். சுத்தியலால் தட்டினேன். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகித் தொங்கினேன். ஊஹூம்.

“நகரு” என்றார் ஆன்டி. கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையால் கார் கூரையைப் பிடித்தபடி குழாயின்மேல் ஏறி நின்றார். ஒருமுறை குதித்தார். மறுமுறை குதித்தார். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். எதிர் வரிசையில் நாய் குரைத்தது. போல்ட் சுழன்றது.

“டிக்கெட் கவுண்டர்ல இவ்ளோ வெயிட் போட்டதுக்கு இன்னைக்குத்தான் பலன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பழைய ஸ்ட்ரட்டை வெளியே எடுத்துப் பார்த்தோம். ரப்பர் முழுக்கப் பித்தவெடிப்பு, குதிகால் மாதிரி. இடது பக்கம் புதியது உள்ளே போனபோது எனக்கு உலகத்தையே வென்ற மாதிரி இருந்தது. நேரத்தைப் பார்த்தேன். வலது பக்கத்துப் பை இன்னும் காற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, அதைப் பெருநாளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்றேன்.

“அது எப்ப போகும்?”

“தெரியாது ஆன்டி.”

“எனக்கும் தெரியாது. கழட்டு.”

வலது பக்கமும் உள்ளே போனது. உச்சியில் காற்றுக் குழாயைச் செருகி, பித்தளை நட்டை முடுக்கி, பானெட்டை மூடியபோது பிரிக்பீல்ட்ஸிலிருந்து பூக்கார அண்ணன் வேனோடு வந்து இறங்கினார். மணப்பெண் கார் அலங்காரத்தில் கெட்டிக்காரர். வாயும் அப்படியே.

“என்னாங்க ஆன்டி, காருக்குக் காலைக் காணோம்?”

“வரும். நீ இரு.”

“இருக்கவா? எமகண்டம் தொடங்கப் போகுது ஆன்டி. அதுக்கு முன்னால முதல் பூவை வெச்சாகணும். முடிச்சிட்டுப் பூச்சோங்ல இன்னொரு காரு வேற இருக்கு.”

“அண்ணே, காத்து அடைச்சு லீக் பாத்துரணும்ணே. அதுக்கப்புறம் கட்டலாமே” என்றேன்.

“நீ காத்தடைம்மா, யாரு வேணாம்னா. நான் மேல கட்டுறேன், நீ கீழ அடை.”

ஆன்டி வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். “கட்டு” என்றார்.

சக்கரம் இல்லாமல் தாங்கிகளின்மேல் நின்றுகொண்டு, ஒரு கார் மாலை போட்டுக்கொண்டது. வெள்ளை ரோஜாவும் ஆர்கிட்டும் மல்லிகைச் சரமும் கிரில்லிலிருந்து பானெட் வழியாகக் கண்ணாடி வரைக்கும் பட்டையாக ஓடின. மெல்லிய வலைத் துணி வைத்துக் கட்டி, ஓரம் முழுவதும் ஒட்டி, இழுத்துப் பிடித்திருந்தார். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. அவர் பூச்சோங்குக்குப் பறந்தார். நாங்கள் சக்கரத்தை மாட்டி, கார் இன்னும் ஜேக்கில் தொங்கும்போதே இன்ஜினைப் போட்டோம். காலியான பையின்மேல் காரின் பாரத்தை இறக்கினால் புது ரப்பர் மடிந்து கிழிந்துவிடும், அதனால்தான். கம்பிரஸர் பாடியது. பைகள் புடைத்தன. மெல்லக் கீழே இறக்கினேன். கார் நிமிர்ந்து நின்றது. ஆன்டி ஒரே ஒரு முறை கைதட்டினார்.

குளித்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் வலது பக்கம் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது.

சக்கரத்தின் இடுக்கில் தலையை விட்டுக் கேட்டேன். மேலே, உச்சியில், மெல்லிய சீறல். பையில் இல்லை, குழாய் சேருமிடத்தில். அதை எட்டக் கீழிருந்து வழியில்லை, பானெட்டைத் திறந்தாக வேண்டும். பானெட்டின்மேல் பூ.

ஆன்டி பூக்கார அண்ணனைக் கூப்பிட்டார். வழக்கம்போல ஒரே கேள்விதான், எப்போது வருவாய் என்று. வெயில் தாழ்ந்த நேரத்தில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“ஆன்டி, வேற என்ன வேணாலும் கேளுங்க. பொண்ணுக்குனு கட்டின பூவை, பொண்ணு ஏறுறதுக்கு முன்னால நான் பிரிக்க மாட்டேன். இதுவரைக்கும் பிரிச்சதில்ல. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, யாரு பதில் சொல்றது?”

கை உயரும் என்று எதிர்பார்த்தேன். உயரவில்லை. ஆன்டி பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, “அது என் பூவும் இல்ல, உன் பூவும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

கல்யாண வீட்டில் நலங்கு நடந்துகொண்டிருந்தது. உறவுக்காரர்களின் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பெண் கத்திப் பேசினாள். ஸ்பீக்கரில் எங்கள் மூவருக்கும் கேட்டது.

“சொல்லுங்க ஆன்டி!”

“காருல காத்து லீக் ஆகுதும்மா. சரி பண்ணணும்னா கட்டின பூவைப் பிரிக்கணும். காத்தைப் பாக்குறதுக்கு முன்னால பூக் கட்டச் சொன்னது நான்தான்.”

யாரிடமோ “இரு, இரு” என்றாள். கதவு சாத்தும் சத்தம்.

“ஏன் ஆன்டி அப்படிச் செஞ்சீங்க?”

பூக்கார அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். எமகண்டம் என்று ஒரு சொல் போதும். பூச்சோங் என்று ஒரு சொல் போதும். இரண்டும் உண்மைதான். ஆன்டி இரண்டையும் சொல்லவில்லை.

“தப்பும்மா” என்றார். “பிரிக்கவா?”

“பிரிச்சா அப்பா வர முடியுமா?”

“முடியும்.”

“அப்ப பிரிங்க ஆன்டி. ஒரு பூகூட இல்லாட்டியும் பரவால்ல. எனக்கு அப்பா வரணும்.”

போனை வைத்ததும் ஆன்டி வலைத் துணியின் ஓரத்தைப் பிடித்து இழுக்கப் போனார். பூக்கார அண்ணன் குறுக்கே கையை வைத்தார்.

“ஆன்டி, விடுங்க. கிழிச்சிருவீங்க.” வேனிலிருந்து கத்தியை எடுத்து வந்தார். “பூ இல்லாம எல்லாம் என் காரு போவாது.”

ஒட்டியிருந்த ஓரத்தை அவரே நூல் நூலாக அறுத்தார். பட்டையை மூன்று பேரும் சேர்ந்து, தூங்கும் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கி மேசையில் கிடத்தினோம். கொஞ்சம் ரோஜா உதிரத்தான் செய்தது. பானெட் திறந்தது. காரை மறுபடி ஜேக்கில் ஏற்றி, நட்டைக் கழற்றிப் பார்த்தேன். குழாயின் நுனியில் பழைய கீறல் ஒன்று, முடி அளவு. நுனியைச் சுத்தமாக நறுக்கினால் போதும். என்னிடம் இருந்த பிளேடு மழுங்கல்.

“அண்ணே, உங்க கத்தி...”

“இது சாமிப் பூ நறுக்குற கத்தி” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எங்க நறுக்கணும், காட்டு” என்று தானே குனிந்தார். ரோஜாக் காம்பை நறுக்குகிற அதே லாவகத்தில், ஒரே வெட்டு.

குழாயைச் செருகி முடுக்கி, காற்றை அடைத்துக் காரை இறக்கினேன். சோப்புத் தண்ணீர் அடித்தோம். மூன்று தலைகள் பானெட்டுக்குள். குமிழி வருகிறதா? வரவில்லை. இன்னொருமுறை அடித்தோம். வரவில்லை. இருட்டுவதற்குள் அவர் மறுபடி கட்டி முடித்தார். ஆன்டி காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே விரல்களை வைத்து அளந்துவிட்டு உள்ளே போனார்.

காலையில் நான் வாசலுக்கு ஓடினேன், இரண்டு காலிலும் சப்பாத்தோடு. பனி துளிர்த்த பூவோடு கார் மட்டமாக நின்றிருந்தது. ஆன்டி பட்டுப் புடவையில் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன், சோப்புத் தண்ணீர் போத்தலோடு.

கடைசி வீட்டில் கூட்டம். மணப்பெண்ணின் சித்தப்பா காரைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார். “என்னங்க, இந்தப் பக்கம் பூ கம்மியா இருக்கு?”

“ஆமாங்க, கம்மிதான்” என்றார் ஆன்டி. “அண்ணனைத் தூக்கிட்டு வாங்க.”

அவ்வளவுதான். அந்தச் சித்தப்பா இன்னும் ஒரு வாக்கியம் வரும் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார், பாவம்.

அங்கிளை இரண்டு பேர் தாங்கி வந்து பின் இருக்கையில் தலையணைகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, மேலெல்லாம் வியர்வை. மகள் பக்கத்தில் ஏறி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கிள் கண்களை இறுக மூடிக்கொண்டார். தாடை இறுகியது. வரப்போகும் அடிக்குத் தயாராகிறவர் மாதிரி, இருக்கையின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. கதவுகள் மூடின.

ஆன்டி கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியை உயர்த்தும் பட்டனை அழுத்தினார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். பாறாங்கல் வந்தது, போனது. படுத்த பன்றி வந்தது, போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீறல் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். எதுவும் கேட்கவில்லை. தாமான் முடிந்து பெரிய சாலைக்குத் திரும்பி, கோயில் பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம்.

அங்கிள் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“ஏன் தங்கச்சி, இன்னும் வண்டிய எடுக்கல?”

ஆன்டி சாலையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“பாதி வழி வந்துட்டோம்ணே” என்றார்.